தன்வந்திரி மகால் கண்ட தஞ்சை மன்னர்

தஞ்சை என்றவுடன் இராசராசனையும் பெருவுடையார் கோயிலையும் நினைப்பது தமிழர் வழக்கம். தஞ்சையின் ஏடுகளைப் பற்றிப் பேச்செழும்போது நினைவுக்கு வருபவர் மராட்டியப் போன்சுலே மரபில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர் என்ற அளவில் அவரை யாவரும் அறிவர். மருத்துவத்துக்கு அவர் ஆற்றிய பணியை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். அப்பணியில் பாதி வைத்தியர்களுடையது, மறுபாதி புலவர்களுடையது. ஆதலால் யாப்பறிந்தோர் அவர் வரலாற்றை ஒருமுறையேனும் படித்தல் தகும்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் போன்சுலே குடியின் கிளைமரபு ஒன்றில் பிறந்தார். தஞ்சையை ஆண்ட துளசா மன்னருக்கு வாரிசு எஞ்சவில்லை. எனவே 1787-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாம் இறப்பதற்குச் சிறிது காலம் முன்னர், ஒன்பது வயதுச் சிறுவராகிய சரபோஜியைச் சுவீகாரம் எடுத்து, செருமானியக் குருவாகிய சுவார்ட்சு ஐயரைப் பாதுகாவலராக இருக்கும்படி வேண்டிக்கொண்டார். துளசாவின் உடன்பிறந்த முறையினரான அமர்சிங்கு அரியணைக்கு உரிமை கோரினார். வழக்கு சென்னை ஆளுநரிடம் சென்றது. ஆளுநர் சாத்திரம் வல்ல பண்டிதர்களை வினவினார். தந்தைக்கு ஒரே மகனாகப் பிறந்த பிள்ளையைத் தத்தெடுத்தல் கூடாது, வயதும் கடந்துவிட்டது, தத்தெடுத்தபோது மன்னர் தெளிந்த மனநிலையில் இல்லை என்றெல்லாம் காரணம் காட்டி, சுவீகாரம் செல்லாது என அவர்கள் தீர்ப்புரைத்தனர். அமர்சிங்கு அரியணை ஏறினார்.

அதன்பின் அச்சிறுவர் பட்ட துன்பம் பெரிது. அரண்மனைக்குள்ளேயே, வெளிச்சம் அரிதாக நுழையும் அறையில், கற்பிப்பார் இன்றிக் காவலில் வைக்கப்பட்டார். சுவார்ட்சு ஐயர் இடைவிடாது முறையிட்டதன் பயனாக, 1793-இல் துளசாவின் விதவைத் தேவியரோடு சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் ஆங்கிலமும் பிற ஐரோப்பியக் கலைகளும் பயின்றார். இதற்கிடையில் கும்பினியார் வேறு பண்டிதர்களைக் கேட்டனர். அவர்கள் அதே சாத்திரத்தை விரித்து, அதே சுவீகாரம் செல்லும் என்றனர். 1798 சூன் மாத இறுதியில் சரபோஜி முடி சூடினார். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே சுவார்ட்சு ஐயர் மறைந்துவிட்டார். தம் மாணவர் அரியணையில் அமர்ந்ததை அவர் காணவில்லை.

ஒரே நூல் ஒருமுறை தம்மை வீழ்த்தியதையும் மறுமுறை உயர்த்தியதையும் இருபத்தொரு வயதுக்குள் கண்டவர் அவர். எழுதியிருப்பதையும் பலித்ததையும் வேறுபடுத்திப் பார்க்கும் இயல்பு பிற்காலத்தில் அவரிடம் ஓங்கி நின்றதற்கு இது ஒரு காரணமாகலாம். இருட்டறையில் இருந்த சிறுவர் பின்னாளில் கண் மருத்துவத்தில் ஈடுபட்டார் என்று முடிச்சுப் போடுவோரும் உளர். அம்முடிச்சு கேட்க இனியதாயினும் அதற்குச் சான்று இல்லை.

முடி கிடைத்தது, நாடு நிலைக்கவில்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியிடம் சென்றது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுதோறும் ஒரு இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு எஞ்சின. போர் இல்லை, வரி விதிப்பு இல்லை, படை இல்லை. அத்தகைய நிலையில் இருந்த மன்னர் பலர் வேட்டையிலும் கேளிக்கையிலும் நாள் கழித்தனர். சரபோஜி புத்தகம் வாங்கினார். ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த அச்சு நூல்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை அவர் சேகரிப்பில் இருந்தன. அவற்றுள் பலவற்றில் ஆங்கிலத்தில் அவரே இட்ட கையொப்பம் காணப்படுகிறது. 1805-இல் தேவநாகரி எழுத்துக்கு ஓர் அச்சுக்கூடமும் நிறுவினார். 1820-இல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டபோதும் வழியெங்கும் சுவடிகள் தொகுத்தார்.

நாடு கைவிட்டுப் போனபோது அவர் விடாமல் பற்றிக்கொண்டவற்றுள் சத்திரங்கள் தலையாயவை. 1801-ஆம் ஆண்டு சனவரியில் கும்பினியின் ரெசிடெண்டாகிய டோரின் துரைக்கு அவர் எழுதிய நீண்ட மடல் ஒன்று உண்டு. சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அங்கே சாதி சமய வேறுபாடின்றிச் சோறிடுவதையும், நோய்க்கும் வீக்கத்துக்கும் நச்சுக்கடிக்கும் மருத்துவர் அமர்த்தப்பட்டிருப்பதையும், வழிப்போக்கர் பிள்ளைகள் அநாதைகளானால் வளர்த்துப் படிக்க வைப்பதையும், சூலுற்ற பெண்களுக்குப் பேறுகாலம் வரை கவனிப்பு உண்டு என்பதையும் அதில் விரிவாகச் சொல்லுகிறார். கெஞ்சும் தொனியும் தன்மானமும் ஒருங்கே அமைந்த மடல் அது. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இவ்வரிசையில் அவர் காலத்தில் எழுந்ததாகும்.

சத்திரத்து மருத்துவர் எவ்வகை மருத்துவர் என்பதை விளங்கிக்கொள்ள அக்கால மருத்துவத்தைச் சிறிது நோக்க வேண்டும். மணி, மந்திரம், ஔடதம் என மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவது தமிழ் மரபு. பிணியாளன் வீட்டிலிருந்து வைத்தியரை அழைக்க வருபவன் எவ்வாறு நின்றான், எதைத் தொட்டான், என்ன சொல் முதலில் சொன்னான் என்பதைக் கொண்டே நோயின் முடிவைக் கணிப்பது தூதிலக்கணம். அதன்பின் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டும் தேர்வுக்கு வரும். நீரில் நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், ஆழியாய் வட்டமிட்டால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் எனக் காண்பது நெய்க்குறி. மூலிகையைப் பறிப்பதற்கும் நாள் உண்டு, கோள் உண்டு. செடிக்குக் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லி, அதன்பின்னரே வேரைத் தோண்டுவர். மருந்து கொடுத்தபின் செப்புத் தகட்டில் சக்கரம் கீறிச் சுருட்டித் தாயத்தில் அடைத்துக் கட்டுவதும் உண்டு. இவற்றுள் எது மருத்துவம், எது நம்பிக்கை என்று அக்காலத்தவர் கோடு கிழிக்கவில்லை. பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த தோணிரேவு முதலிய மீனவர் ஊர்களில் இன்றும் அரைஞாணில் தாயத்தோடு வலையிழுக்கச் செல்வோரைக் காணலாம். அவர்கள் வீட்டுப் பரணில் ஆசுபத்திரிச் சீட்டும் பத்திரமாக இருக்கும்.

இதனைக் கீழைநாட்டு மடமை எனத் தள்ளுவது அறியாமை. ஐரோப்பியரும் இவ்வழியே நடந்தவர்களே. இலண்டன் மாநகரில் 1611-இல் இறந்த சைமன் போர்மன் என்னும் மருத்துவர், நோயாளி வந்து வினவிய நேரத்துக்கு இராசிக் கட்டம் போட்டே நோயை அறிந்தார். அவரும் அவர் வழிவந்த நேப்பியர் என்னும் குருவும் எழுதிவைத்த நோயேடுகளில் எண்பதாயிரம் அளவிலான வினாக்கள் பதிவாகியுள்ளன. ஆடுமாடுகளின் வயிற்றில் விளையும் பெசோவார்க் கல்லை நஞ்சுமுறி எனப் பொன்னில் பதித்துக் கழுத்தில் அணிந்தனர் ஐரோப்பியப் பிரபுக்கள். தமிழ் மருத்துவர் கையாளும் கோரோசனையும் அவ்வினத்ததே. கோவாவில் ஏசுசபையார் அக்கல்லோடு கத்தூரியும் அம்பரும் சேர்த்துருட்டிப் பொன்தாள் சுற்றிய செயற்கைக் கற்கள் மிகுந்த விலைக்குக் கப்பலேறின. 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரும், தரங்கம்பாடியில் இறங்கிய தேனியரும் இத்தகைய மருத்துவத்தோடு வந்தவர்களே. தமிழ் வைத்தியரும் பரங்கி வைத்தியரும் அன்று ஒருவரையொருவர் பார்த்து நகைக்க இடமிருக்கவில்லை.

சரபோஜி காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. அரண்மனை வளாகத்தில் அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கு முறையினரும் பணியாற்றினர். மனிதருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் அங்கே மருந்து செய்தனர். மூலிகைகளை இலை, பூ, வேர் தெரிய வண்ணத்தில் எழுதிவைக்க ஓவியரை அமர்த்தினார் மன்னர். பெயரால் மட்டும் அறிந்த செடி ஊருக்கு ஊர் வேறாகிவிடும். படத்தால் அறிந்தது அவ்வாறு மாறாது. நான்கு முறையினரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தியது எளிய செயலன்று. நாடி பார்ப்பவருக்குக் கத்தி எடுப்பவரிடம் அச்சம்; கத்தி எடுப்பவருக்கு நாடி பார்ப்பவரிடம் ஏளனம். மன்னர் எந்த முறை உயர்ந்தது என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. குறிப்பிட்ட மருந்து குறிப்பிட்ட நோய்க்குப் பலித்ததா என்பதே அங்கே எழுப்பப்பட்ட வினா. பலித்தவை ஏட்டில் ஏறின.

இவ்வினாவின் முழு உருவத்தைக் கண் மருத்துவ ஏடுகளில் காணலாம். சரசுவதி மகாலில் கிடைத்த அவ்வேடுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட கண் நோயாளிகளைப் பற்றியவை. பெயர், வயது, கண்ணின் நிலை, செய்த சிகிச்சை, அதன்பின் நேர்ந்த மாற்றம் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. நோயுற்ற கண் ஓவியமாகவும் தீட்டப்பட்டுள்ளது. மக்பீன் என்னும் ஆங்கில மருத்துவர் மன்னருக்குத் துணையாக இருந்தார். மன்னரே கத்தி பிடித்துப் புரை நீக்கினார் எனப் பெருமையாகக் கூறுவோர் உண்டு. அது எவ்வாறாயினும், சிகிச்சைக்குப் பின் கண் எவ்வாறு இருந்தது என எழுதச் செய்தாரே, அதுவே அரிய செயல். வைத்தியர் தம் வெற்றியைப் பாடுவது உலகியல்பு. தேறாத கண்ணையும் தேறிய கண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டுமாயின், எழுதுபவருக்கு மேலே உண்மையை விரும்பும் ஒருவர் இருத்தல் வேண்டும். போர்மனின் ஏடு நோயாளி வந்த வேளையின் வானத்தைக் குறித்தது. தஞ்சை ஏடு நோயாளியின் விழியையே குறிக்கிறது.

ஆயினும் சரபோஜியைப் பழமையைத் துறந்தவராக எண்ணுவது பிழை. சமயபுரம்போல் தஞ்சைக்கு அண்மையில் விளங்கும் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்கும் கண்ணுக்கும் தொடர்புண்டு. முந்தைய துளசா மன்னரின் மகள் அம்மை நோயால் பார்வை இழந்து, அன்னையின் அருளால் மீளப் பெற்றாள் என்பது அத்தலத்து வரலாறு. அக்கோயிலுக்கு மண்டபங்களும் கோபுரமும் எழுப்பியவர் இதே சரபோஜி. மகாலில் கண்ணுக்கு ஏடு. புன்னைநல்லூரில் கண் தந்த தாய்க்கு மண்டபம். அவர் மனத்தில் இவ்விரண்டும் மோதிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் பெயரால் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெருவுடையார் கோயிலில் ஆடப்பெற்றது. குறத்தி கைபார்த்துக் குறி சொல்லாமல் குறவஞ்சி ஏது? நோயேடு எழுதச் சொன்ன மன்னரே குறிசொல்லும் குறத்தியின் ஆட்டத்துக்கும் பாட்டுடைத் தலைவர்.

அவரோடு சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற வேதநாயக சாத்திரியார் வேறு வழி சென்றார். 1814-இல் அவர் இயற்றிய சாத்திரக்கும்மி, சகுனம், நாள், கோள் முதலியவற்றில் மக்கள் வைத்திருந்த நம்பிக்கைகளைக் கடிந்து பாடுவது. ஒரே ஆசிரியரின் மாணவர் இருவருள் ஒருவர் கும்மி பாடி நம்பிக்கையை எதிர்த்தார். மற்றவர் நம்பிக்கையை அதன் போக்கில் விட்டுவிட்டு மருந்தை மட்டும் சோதித்தார். எவர் செய்தது மிகுந்த பயன் தந்தது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் மன்னர் வழியே மேலானது எனத் தோன்றுகிறது. தாயத்தை அறுத்தெறி என்று சொல்லும் மருத்துவரிடம் ஏழை நோயாளி இரண்டாம் முறை வருவதில்லை.

இனிப் புலவர்களின் பங்குக்கு வருவோம். தன்வந்திரி மகாலில் பலன் கண்ட மருந்துகளைத் தமிழ்ச் செய்யுளாக்கும்படி மன்னர் அவைப்புலவர்களைப் பணித்தார். அவ்வாறு எழுந்தவையே சரபேந்திர வைத்திய முறைகள். நயன நோய், தலை நோய், நீரிழிவு, குன்மம், விரணம், நச்சுக்கடி, கருவுற்றோர் நோய், குழந்தை நோய் என நோய்வாரியாக அமைந்தவை அவை. மராட்டிய மொழி பேசிய அரண்மனை. மோடி எழுத்தில் கணக்கு எழுதிய அலுவலகம். ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய மருத்துவர். வடமொழியில் வல்ல பண்டிதர். இவர்கள் நடுவே மருந்தைத் தமிழில் பாடச் சொன்னதன் காரணம் வெளிப்படை. மருந்து போய்ச் சேர வேண்டிய நாட்டுப்புற வைத்தியர் அறிந்தது தமிழே. உரைநடை அன்று ஊர்களில் நிலைபெறவில்லை. நிலைத்தது செய்யுள்.

தமிழில் மருத்துவச் செய்யுள் புதிதன்று. ஆனால் சித்தர் பெயரில் வழங்கும் பாடல்கள் பலவற்றில் யாப்பு பூட்டாகவே பயன்பட்டது. ஒரு சரக்குக்குப் பத்துப் பெயர், ஒரு பெயருக்குப் பத்துப் பொருள் எனப் பரிபாடையால் மறைத்து, குருவின் வாய்ச்சொல் இன்றித் திறக்க முடியாதபடி அவற்றை அமைத்தனர். தகுதியற்றோர் கையில் மருந்து சேரலாகாது என்பது ஒரு நியாயம். தொழில் குடும்பத்தை விட்டு வெளியேறலாகாது என்பது சொல்லப்படாத மற்றொரு நியாயம். தந்தை மகனுக்குச் சொல்லாமல் இறந்தால் மருந்தும் உடன் இறந்தது. சரபேந்திர முறைகளில் அதே யாப்பு பெரும்பாலும் திறந்த கதவாகிறது. இன்ன சரக்கு, இன்ன எடை, இவ்வாறு அரைத்து இவ்வாறு காய்ச்சு, இத்தனை நாள் உண், இன்னது பத்தியம் என நேர்படச் சொல்லுகின்றன அவை.

யாப்பறிந்தோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே உண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் கழஞ்சு பலமாகலாம், இரண்டு பத்தாகலாம். மருந்தில் அப்பிழை உயிரைக் குடிக்கும். செய்யுளில் எடை எதுகையிலோ மோனையிலோ அமைந்துவிட்டால், மாற்றியவுடன் ஓசை தட்டும். காது உடனே கண்டுபிடிக்கும். தளை தட்டாத சீரில் அமைந்த எண்ணை மாற்றினால் அது தளையைக் கெடுக்கும். எல்லா எண்ணையும் யாப்பு இவ்வாறு காக்காது என்பதும் உண்மை. ஓசை ஒத்த பிழை சொல் நுழைந்தால் அது என்றென்றைக்கும் நிலைத்துவிடும். ஆயினும் காவலற்ற உரையைவிட இது பாதுகாப்பானது. அரசவைப் புலவருக்கு இப்பணி உவப்பாக இருந்திருக்குமா என்பது ஐயமே. உலா, கோவை, குறவஞ்சி பாடிய நாவால் மூக்கடைப்புக்கும் மூலத்துக்கும் மருந்து பாட வேண்டும். உவமைக்கு இடமில்லை, அணிக்கு இடமில்லை, சரக்கின் பெயரை மாற்ற உரிமையில்லை. அவர்கள் பாடிய புகழ்ப்பாக்களை இன்று ஆய்வாளரே தேடிப் படிக்கின்றனர். இம்மருத்துவப் பாடல்களையோ வைத்தியர்கள் உரலருகே வைத்துப் படித்தனர்.

மன்னரின் புகழ் அவர் வாழ்நாளிலேயே பரவியது. 1826 மார்ச்சு மாதத்தில் கல்கத்தாப் பேராயர் ஈபர் தஞ்சைக்கு வந்து அவரைக் கண்டு, ஐரோப்பிய அறிவியலில் அவருக்கிருந்த பயிற்சியை வியந்து எழுதினார். அடுத்த மாதமே ஈபர் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். தம் ஆசிரியர் சுவார்ட்சுக்கு மன்னர் இலண்டன் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு அமைத்த பளிங்குச் சிற்பம் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் உள்ளது. மரணப்படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையைப் பற்றியபடி இளம் சரபோஜி நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவர் காலத்திலேயே, 1825-இல், பழவேற்காட்டுக் கோட்டையும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு முற்றாகச் சென்றது. 

1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் சரபோஜி காலமானார். அவருக்குப்பின் மகன் சிவாஜி ஆண்டார். 1855-இல் அவர் ஆண்வாரிசின்றி இறக்கவே கும்பினியார் தஞ்சை அரசுரிமையை ஒழித்தனர். தன்வந்திரி மகால் நிலைக்கவில்லை. அதன் அடுப்புகள் அணைந்தன. வைத்தியரும் புலவரும் கலைந்தனர். ஏடுகள் மட்டும் அரண்மனையின் பெட்டிகளில் கிடந்தன. 1918-இல் சரசுவதி மகால் பொதுமக்களுக்குரிய நூலகமாயிற்று. அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, சரபேந்திர வைத்திய முறைகள் நோய்க்கொன்றாகத் தனித்தனிப் புத்தகங்களாய் அச்சேறின. நீரிழிவுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, நஞ்சுக்கு ஒன்று, பிள்ளைப் பிணிக்கு ஒன்று என அவை வெளிவந்தன.